பொம்மையின் முதுகு

ஞாயிறு காலை. துன் சம்பந்தன் சாலையில் பசியாறிவிட்டு, கே.எல். சென்ட்ரலுக்குள் புகுந்து, நடைபாதை வழியாகவே முசியம் நெகாராவுக்குப் போய்ச் சேர்ந்தேன். 2017-இல் எம்.ஆர்.டி. வந்ததிலிருந்து இது சுலபமாகிவிட்டது. அப்பா இருந்திருந்தால் நம்பமாட்டார். கே.எல். சென்ட்ரல் இருக்கும் இடம் ரயில்வே யார்டாக இருந்தபோது அவர் அங்கே பாயின்ட்ஸ்மேன். அந்தக் காலத்தில் எங்களுக்கு மியூசியம் என்பது தண்டவாளங்களுக்கு அப்பால் கூரை மட்டும் தெரிகிற ஒரு கட்டடம். கூப்பிடு தூரம்தான். ஆனால் யாரும் கூப்பிடவில்லை, நாங்களும் போகவில்லை.

இப்போதைய கட்டடம் 1963 ஆகஸ்டு 31-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு அதே இடத்தில் சிலாங்கூர் மியூசியம் இருந்தது. 1945 மார்ச்சில் நேச நாட்டு விமானங்கள் ரயில்வேயைக் குறிவைத்துப் போட்ட குண்டு தவறி விழுந்து அதன் ஒரு பக்கம் நொறுங்கிப்போனது. இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் குரலில் ஒரு சங்கடம் இருக்கும். எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய கெட்ட செய்தி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்ட மாதிரி.

முகப்பின் இரண்டு பக்கமும் சியோங் லாய் தோங் வடிவமைத்த சுவரோவியங்கள். இத்தாலியிலிருந்து வந்த கண்ணாடிச் சில்லுகளைப் பதித்தவை. ஒவ்வொன்றும் சுமார் 35 மீட்டர் நீளம். ஓர் இடத்தில் நின்றால் முழுதும் பிடிபடாது. நடக்க நடக்க ஒரு காட்சி பின்னால் போய் அடுத்தது வருகிறது. கால்தான் படத்தை ஓட்டுகிறது. உள்ளே போவதற்கு முன்பே சினிமா பார்த்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

*

சில மாதங்களாக, மியூசியங்களைப் பற்றிக் கலைஞர்கள் எடுத்த படங்களைத் தேடிப் பார்த்து வருகிறேன். எதற்கு என்று கேட்டால் சரியான பதில் இல்லை. பார்த்து முடித்த இரவுகளில் இந்த நோட்டில் ஏதாவது எழுதிவைக்கிறேன்.

சிங்கப்பூர்க் கலைஞர் ஹோ ருய் ஆன் செய்த ‘சோலார்: எ மெல்ட்டவுன்’ முழுநீளப் படம் கிடையாது. திரையில் துண்டுப் படங்களை ஓட்டிக்கொண்டே அவர் நின்று பேசும் விரிவுரை. ஆம்ஸ்டர்டாமில் டிரோப்பன் மியூசியம் என்று முன்பு அழைக்கப்பட்ட ஒன்று இருக்கிறது, டச்சுக்காரர்கள் தங்கள் காலனிகளிலிருந்து கொண்டுபோனவற்றைச் சேர்த்துவைத்த இடம். அங்கே சார்லஸ் லெ ரூ என்ற மானிடவியலாளரின் ஆளுயரப் பொம்மை. நியூகினிக் காடுகளுக்குப் போய்வந்தவர். பொம்மையின் முன்பக்கத்தில் விசேஷம் ஒன்றுமில்லை. ஹோ ருய் ஆன் சுற்றிப் பின்னால் போனார். சட்டையின் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. பொம்மை செய்தவர் அதையும் விடாமல் செய்திருக்கிறார்.

அந்த ஈர முதுகிலிருந்துதான் அவர் பேச்சு தொடங்குகிறது. காலனியின் படங்களில் துரைமார்களுக்கு ஏன் வியர்ப்பதே இல்லை? அவர்களுக்காக வியர்த்தவர் யார்? பேச்சு அப்படியே பங்கா இழுப்பவரிடம் வந்து நிற்கிறது. மேற்கூரையிலிருந்து தொங்கும் பெரிய துணி விசிறி, அதிலிருந்து நீளும் கயிறு, கயிற்றின் மறுமுனையில் சுவருக்கு வெளியே உட்கார்ந்து இழுக்கும் இந்தியர். கை ஓய்ந்தால் கால் பெருவிரலில் கயிற்றை மாட்டிக்கொண்டு இழுப்பார்களாம். அறைக்குள் இருப்பவருக்குக் காற்று மட்டும் வரும், ஆள் தெரியாது.

இன்று மூன்றாவது கூடத்தில், காலனிக் காலத்தைச் சொல்லும் கூடத்தில், ஏர்கோன் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றபோது என் சட்டையின் முதுகு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்துவந்த ஈரம். பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது.

*

பின்னால் போய்ப் பார்ப்பது நமக்குப் புதிதா? ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலில் சந்நிதி முன்னால் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுவது அவசரக்காரர் வேலை. சுற்றி வரவேண்டும். சிவன் கோயில் என்றால் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி, கருவறைக்கு நேர் பின்னால் லிங்கோத்பவர், வடக்கே பிரம்மாவும் துர்க்கையும். பின்சுவருக்கென்று தனியாகச் சாமி வைத்திருக்கிறார்கள். முன்னால் கூட்டமும் சத்தமும். பின்னால் போகும்போது கல் குளிர்ந்து, யாரோ வைத்துவிட்டுப் போன அகல் ஒன்று எரிந்துகொண்டிருக்கும். எனக்குப் பிடித்தது எப்போதும் அந்தப் பின்பக்கம்.

செப்புத் திருமேனிக்கும் முதுகு உண்டு. தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம், அதிலிருந்து தோளில் விழும் சடை. அதை வார்த்த ஸ்தபதி முன்புறத்துக்குக் கொடுத்த அதே கவனத்தைப் பின்னுக்கும் கொடுத்திருப்பார். உலாப் போகும் சாமிக்குப் பின்னால் நடப்பவர்களும் பக்தர்கள்தானே. மியூசியத்தில் அதே திருமேனியைச் சுவரோரக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் முதுகு சுவருக்குச் சொந்தமாகிவிடுகிறது.

நல்ல கலைஞர்கள் எடுத்த மியூசியப் படங்கள் எல்லாமே ஒருவகையில் இந்த வலம் வருதல்தான் என்று தோன்றுகிறது. முன்னால் நின்று கும்பிடக் கேமராவுக்குத் தெரியவில்லை; அது சுற்றப் போகிறது.

*

மத்தி தியோப் எடுத்த ‘டஹோமே’ இரண்டாம் முறை. 2024-இல் பெர்லினில் தங்கக் கரடி வாங்கிய படம், ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும்தான். 1892-இல் பிரெஞ்சுப் படை டஹோமே அரண்மனையிலிருந்து எடுத்துப்போனவற்றில் 26 பொருள்களை 2021 நவம்பரில் பாரிஸ் திருப்பிக்கொடுக்கிறது. அவற்றில் ஒன்று கேசோ மன்னரின் மரச்சிலை. அதைப் பெட்டிக்குள் கிடத்தி மூடுகிறார்கள். கேமராவும் உள்ளேயே இருந்துவிடுகிறது. திரை இருட்டு. திருகாணி இறங்கும் சத்தம். பிறகு அந்தச் சிலை பேசுகிறது, ஃபோன் மொழியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப்போன்ற குரலில். தன்னை ஏன் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 26 என்ற எண்ணால் கூப்பிடுகிறார்கள் என்று கேட்கிறது.

முதல் முறை பார்த்தபோது சிலை பேசுவது கொஞ்சம் மிகையாகப் பட்டது. இந்த முறை பத்தூர் நடராஜர் நினைவுக்கு வந்தார், மிகை குறைந்துவிட்டது. தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976-இல் மண்ணுக்கடியில் கிடைத்து, கைமாறிக் கைமாறி லண்டன் போன சிலை. வழக்கில் கோயில் சார்பாகச் சிவனே உரிமை கோரினார். இங்கிலாந்து நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 1988-இல் தீர்ப்பு, 1991-இல் சிலை வந்துசேர்ந்தது. மரச்சிலை பேசினால் கலை, செப்புச்சிலை வழக்குப் போட்டால் சட்டம்! நம் ஆட்கள் இதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

படத்தின் கனமான பகுதி சிலை ஊர் திரும்பிய பிறகுதான் வருகிறது. பழைய டஹோமே இருந்த இன்றைய பெனின் நாட்டில் பல்கலைக்கழக மாணவர்கள் கூடி விவாதிக்கிறார்கள். 7,000 எடுத்துப்போய்விட்டு 26 கொடுப்பதா என்று ஒருவர் கொதிக்கிறார். திரும்பி வந்தது கோயிலுக்கா, கண்ணாடிப் பெட்டிக்கா என்ற கேள்வியும் எழுகிறது. நடராஜரும் பத்தூருக்கு வரவில்லை. திருவாரூரில் பாதுகாப்பு மையத்துக்குத்தான் வந்தார். பூட்டின் பெயர் மாறியது, பூட்டு மாறவில்லை.

இன்னொன்றையும் குறித்துவைக்கிறேன். நியூசிலாந்தின் தே பாப்பா மியூசியத்தில் ஒரு வெண்கலக் கப்பல் மணி இருக்கிறது. அடிப்பாகம் உடைந்துபோய் மேல்பாதி மட்டும். 19-ஆம் நூற்றாண்டில் கொலென்சோ என்ற பாதிரியார் பார்த்தபோது மாவோரிகள் அதைக் கவிழ்த்துப்போட்டு உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்களாம். சுற்றிலும் தமிழ் எழுத்து. முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பலுடைய மணி என்று எழுதியிருக்கிறது. அது எப்படி அங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. எழுத்து மணியைச் சுற்றி ஓடுவதால் வலம் வந்தால்தான் வாக்கியம் முடியும். இதை வைத்து யாராவது ஒரு படம் எடுக்க வேண்டும். மணி எந்தத் தமிழில் பேசும்? நாகூர்த் தமிழிலா, காயல்பட்டினத் தமிழிலா? கிழங்கு அவித்த காலத்தைப் பற்றி அதற்குப் புகார் இருக்காது என்றே நினைக்கிறேன். அடுப்பில் இருந்தவரை அது பயன்பட்டுக்கொண்டிருந்தது.

*

ஆண்ட்ரியா ஃபிரேசர் என்ற அமெரிக்கக் கலைஞர் 1989-இல் ஃபிலடெல்ஃபியா மியூசியத்தில் வழிகாட்டிப் பெண்மணி வேடம் போட்டுக்கொண்டு கூட்டத்தை அழைத்துப்போனார். ஓவியத்துக்குச் சொல்லும் அதே புகழுரையைத் தண்ணீர்க் குழாய்க்கும் சொன்னார். அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து எந்த மியூசியத்திலும் தண்ணீர் குடிக்கும்போது சிரிப்பு வருகிறது.

*

நம் பக்கத்துப் படங்களில் என்னை அதிகம் உலுக்கியது பினாங்குக்காரர் வோங் ஹோய் சியோங்கின் ‘ரீ: லுக்கிங்’. 2003 வெனிஸ் பியன்னாலேயில் காட்டப்பட்டது. மலேசியா ஒரு காலத்தில் பேரரசாக இருந்து ஆஸ்திரியாவைப் பிடித்து ஆண்டது என்று வைத்துக்கொண்டு எடுத்த போலி ஆவணப்படம். தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தோரணை முழுதும் இருக்கிறது: நிதானமான குரல், பழைய படங்கள், தலையசைத்துப் பேசும் நிபுணர்கள். பத்து நிமிடம் பார்த்தால் நம்பிவிடலாம் போலிருக்கிறது. நம்பத் தோன்றுகிறதே, அங்கேதான் உறுத்தல். உண்மையான வரலாற்றுப் படங்களும் இதே குரலில்தானே பேசின?

1948-இல் கிரவுன் ஃபிலிம் யூனிட் எடுத்த ‘வாய்சஸ் ஆஃப் மலாயா’ இருக்கிறது. மலாயன் ஃபிலிம் யூனிட் தமிழில் வர்ணனை சேர்த்த படங்களும் உண்டு. வேனில் திரையையும் புரொஜெக்டரையும் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்க் காட்டினார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வெள்ளைத் துணி கட்டி, முன்னால் பிள்ளைகள் உட்கார, துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவர்களும் உண்டு என்று அத்தை சொல்வார். அங்கிருந்து பார்த்தால் படத்தில் எல்லாரும் இடக்கைக்காரர்கள்.

*

நூறு கோட்டர்ஸ் இருந்த இடத்தைக் கடந்து வந்தேன். 1905-இல் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள், ஒரு நூற்றாண்டு நின்றவை. இப்போது ஒன்றும் இல்லை. எங்கள் வீடு எந்த இடத்தில் இருந்தது என்று கண்டுபிடிக்க ஒரு மரத்தை அடையாளம் வைத்திருந்தேன், அந்த மரத்தையும் காணோம்.

தீபக் குமரன் மேனனின் ‘சலங்கை’ 2007-இல் வந்தது. பிரிக்பீல்ட்ஸிலேயே எடுத்த தமிழ்ப் படம், நாட்டியம் கற்க ஆசைப்படும் ஒரு பெண்ணும் அவள் குடும்பமும். அப்போது கதைக்காகப் பார்த்தேன். இப்போது பார்க்கும்போது நடிகர்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் தெரியும் சுவரையும் சாலையையும் பார்க்கிறேன். 2010 அக்டோபரில் மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியா திறப்பதற்கு முந்திய பிரிக்பீல்ட்ஸ் அந்தப் பின்னணியில் இருக்கிறது. எடுத்தவருக்கு மியூசியம் கட்டும் எண்ணம் இருந்திருக்காது. கதையை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன் என்று தெரிந்தால் கோபித்துக்கொள்வார்.

*

கிள்ளான். அத்தையை அழைத்துக்கொண்டு ஒரு சிறிய காட்சிக்கூடத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம், நல்ல எண்ணத்தோடு நடத்துகிறார்கள். தோட்ட வாழ்க்கைக்கு ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள்: பால்வாளி, மங்கு, காண்டாக் கம்பு, நெற்றி விளக்கு, பால்வெட்டும் கத்தி. அத்தை கேரித்தீவில் முப்பது வருடம் மரம் வெட்டியவர். இப்போது அங்கே செம்பனைதான்.

கத்தியைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியில் மூச்சுப் பட்டு மங்கியது, முந்தானையால் துடைத்தார்.

“இது வெட்டுன கத்தி இல்லய்யா.”

“எப்படித் தெரியும் அத்தை?”

“தேயவே இல்லையே. எங் கத்தி கடைசியில பாதியா தேஞ்சி கெடந்துச்சி. தெனம் ராத்திரி தீட்டுவோம்ல.”

அதோடு நிறுத்தாமல் கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டு மட்டும் சின்னதாக மடங்கியது. இடது மேலிலிருந்து வலது கீழாக, பட்டையை ஒரு நூல் கனத்துக்கு இழுக்கிற இழுப்பு. ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும், கிராணி ஏசுவார். மேலோட்டமாகப் போனால் பால் வராது. அதற்கு நடுவில் இருக்கும் அந்த ஆழத்தை அவர் கை அளந்தது, ஒன்றுமே இல்லாத காற்றில். முன்நாள் உறைந்த ஒட்டுப்பாலை உருவி எறிவது, மங்கைக் கவிழ்த்துத் துடைத்து நிமிர்த்துவது, அடுத்த மரத்துக்கு நகர்வது எல்லாம் தொடர்ந்து வந்தன. பாதங்கள்கூட நகர்ந்தன. காவலுக்கு நின்ற பையன் போனை இறக்கிவிட்டுப் பார்த்தான். அந்த மூலையில் இருந்த எதிலும் இது இல்லை.

கத்தியை வைக்கலாம், மணிக்கட்டை எப்படி வைப்பது? தீபக் குமரன் மேனனின் முதல் படம் ‘செம்மண் சாலை’, 2005. அறுபதுகளின் ரப்பர்த் தோட்டம், படிக்க ஏங்கும் ஒரு பெண். அந்தப் படத்தில் தோட்டம் மெதுவாக, அவசரமில்லாமல் அசைகிறது. அந்த மெதுவான ஓட்டம் எனக்குப் பட்டவரை கண்ணாடிப் பெட்டியால் செய்ய முடியாத வேலையைச் செய்கிறது.

திரும்பும் வழியில் 1941 பேச்சு வந்தது. இந்தக் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில்தான் அந்த வேலைநிறுத்தம். ஆர்.எச். நாதன் தலைமை. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கேட்டார்கள். கூடவே இன்னொன்று: துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும். நாதனைக் கைது செய்து பின்னர் நாடுகடத்தினார்கள், படையை இறக்கினார்கள், ஐந்து பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்.

நாளைக்கு யாராவது இதற்கு ஒரு மியூசியம் எழுப்பினால் கட்டாயம் ஒரு பழைய சைக்கிளைத் தேடிக் கொண்டுவந்து ஸ்டாண்டு போட்டு நிறுத்துவார்கள். மணி பளபளக்கும், எண்ணெய் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தச் சண்டை சைக்கிளைப் பற்றியதா என்ன? இறங்கும் காலைப் பற்றியது. ஒரு கால் பெடலில், ஒரு கால் மண்ணுக்கு வரும் வழியில், உடம்பு பாதி வளைந்து, கண் தரையில். அந்த அரை நொடியைத்தான் இனிக் கொடுக்கமாட்டோம் என்றார்கள். யாராவது அந்த அரை நொடியைப் பின்னாலிருந்து எடுக்கட்டும், தூசியோடு. இறங்குபவனின் முதுகும், அவனைக் கடந்து போகும் காரும் தெரிந்தால் போதும்.

*

போன வாரம் அத்தை பிரிக்பீல்ட்ஸுக்கு வந்திருந்தார். வேட்டிக் கடையில் ஒரு வேலை, கோயில், பிறகு வீடு. கே.எல். சென்ட்ரலில் போர்ட் கிள்ளான் கொமுட்டருக்குக் காத்திருந்தோம். பிளாட்பாரம் புழுங்கியது. அந்தக் கையை இன்னொரு முறை காட்டுங்கள், எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

“இங்கயா? மரத்துக்கு எங்கய்யா போறது?”

சொல்லிக்கொண்டே ஒரு தூணைப் பார்த்துப் போய் நின்றார். பையை என்னிடம் கொடுத்தார். தூணை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார், எங்கே வெட்டுவது என்று தேர்ந்தெடுப்பதைப்போல. பிறகு வெட்ட ஆரம்பித்தார். ஒரு கையில் பையும் இன்னொரு கையில் போனுமாக நான் பின்னால்தான் நின்றேன். முன்பக்கம் போகத் தண்டவாளம் விடவில்லை. 40 நொடி. ரவிக்கையின் முதுகில் ஈரம் பரவியிருந்தது, தோள் ஏறி இறங்கியது. தோளுக்கு அப்பால் மணிக்கட்டு தெரிந்தும் மறைந்தும். பக்கத்தில் இரண்டு மலாய்ப் பிள்ளைகள் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

முடித்துவிட்டுத் திரும்பினார். “மூஞ்சி விழுந்துச்சா?”

“இல்லை அத்தை. முதுகுதான்.”

“அப்ப என்னாத்துக்கு? இன்னொரு தடவ எடு, திரும்பி நிக்கிறேன்.”

தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போகப் பார்த்தார். அதற்குள் வண்டி வந்துவிட்டது.